ஓட்டு ஒரு பக்கம், வீட்டுக் கருத்து இன்னொரு பக்கம்

டெல்லி மயூர் விஹாரில் இருக்கும் தமிழ் நண்பர் ஒருவர் கேட்டது இது. அமெரிக்காவில் ஒரு சமூகப் பிரச்சினை என்றால் இந்தக் கட்சிக்காரர்களில் இத்தனை சதவீதம் ஆதரவு, அந்தக் கட்சிக்காரர்களில் இத்தனை சதவீதம் என்று வருஷா வருஷம் பிரித்துப் போடுகிறார்கள்; நம் நாட்டில் அப்படிப் பிரித்தால் என்ன தெரியும், கட்சி மக்களை மாற்றுகிறதா, மக்கள் கட்சியை மாற்றுகிறார்களா? கூடவே ஒரு வரி சேர்த்திருந்தார்: "எங்க அப்பா பா.ஜ.க., மெட்ராஸ்ல இருக்கிற பெரியப்பா பரம்பரை தி.மு.க. ஆனா அக்கா வேற சாதிப் பையனைக் கட்டிக்கிறேன்னு சொன்ன அன்னைக்கு ரெண்டு பேரும் ஒரே வசனத்தைத்தான் பேசினாங்க."

பாதி பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். கருத்துக்கணிப்பு வேலையில் டெல்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடு வீடாக ஏறி இறங்கியவன் என்ற முறையில் மீதியை நான் சொல்கிறேன். நம் ஊரில் சமூகக் கருத்து கட்சியை வைத்துப் பிரிவது ரொம்பக் குறைவு. சாதி, மதம், ஆணா பெண்ணா, என்ன வயது, எந்த ஊர் என்பதை வைத்துத்தான் பிரிகிறது. மாற்றமும் முதலில் வீட்டுக்குள், பணத்தேவையாலும் பிள்ளைகளின் படிப்பாலும், சத்தமில்லாமல் நடக்கிறது. கட்சிகள் கடைசி வரை வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, எதிர்த்தால் ஓட்டுப் போய்விடும் என்று தெரிந்த அன்று மொத்தமாகத் தாவுகின்றன. அப்புறம் எல்லாரும் நாங்கள் ஆரம்பத்திலிருந்தே ஆதரவு என்பார்கள்.

முதலில் அமெரிக்காவை ஒரு பார்வை பார்த்துவிடலாம், ஒப்பிட உதவும். ஒரே பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் வேண்டுமா என்று கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 1996-இல் கேட்டபோது வேண்டும் என்றவர்கள் 27 சதவீதம். 2023-இல் 71. ஒபாமாவே 2008-இல் திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் நடப்பது என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார், 2012 மே மாதம்தான் மாறினார்; அதற்குள் நாட்டில் பாதிப் பேர் மாறியிருந்தார்கள். இதுவரை நம் கதை மாதிரிதான். வித்தியாசம் அதற்குப் பிறகு. குடியரசுக் கட்சி ஆதரவாளர்களிடையே இந்த ஆதரவு 2021, 2022-இல் 55 சதவீதத்தைத் தொட்டுவிட்டு, 2025-இல் 41-க்கு இறங்கிவிட்டது. ஜனநாயகக் கட்சியினரிடம் 88. ஜனங்கள் முன்னால் போய்விட்ட பிறகு கட்சி திரும்பக் கூப்பிட்டதும் ஒரு பகுதி திரும்பி வந்துவிட்டது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். அங்கே கட்சி என்பது ஒருவரின் அடையாளத்தில் ஊறிப்போன விஷயம், தன் கட்சி எந்தப் பிரச்சினையில் என்ன சொல்கிறது என்று ஓட்டுப் போடுபவருக்குத் தெரியும்.

இங்கே நம் டெல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 மே மாதம் மக்களவைத் தேர்தலில் டெல்லியின் 7 தொகுதிகளும் பா.ஜ.க.வுக்கு, 56 சதவீதத்துக்கு மேல் ஓட்டு. 2020 பிப்ரவரியில் சட்டமன்றத் தேர்தல், 70-இல் 62 இடம் ஆம் ஆத்மிக்கு, 53 சதவீதத்துக்கு மேல் ஓட்டு. அதற்கு முந்தைய சுற்றிலும் அதே கதைதான்: 2014-இல் ஏழும் பா.ஜ.க., 2015-இல் 67 இடம் ஆம் ஆத்மி. எட்டு ஒன்பது மாதத்தில் இவ்வளவு பெரிய கூட்டம் கட்சி விட்டுக் கட்சி போய் வருகிறது என்றால், அந்த எட்டு மாதத்தில் அவர்கள் சாதி பற்றியும் மருமகள் வேலைக்குப் போவது பற்றியும் வைத்திருந்த கருத்தும் போய் வந்ததா என்ன? ஆம் ஆத்மிக்கும் அது தெரியும். 2019-இல் காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து நீக்கப்பட்டபோது ஆதரித்தார்கள், 2022 அக்டோபரில் ரூபாய் நோட்டில் லட்சுமி, கணேசர் படம் போடச் சொல்லி கேஜ்ரிவால் கேட்டார். மின்சாரம், தண்ணீர், பள்ளிக்கூடம் என்று மட்டும் பேசினால் இரண்டு பக்க ஓட்டும் வரும் என்பது கணக்கு. சமூக விஷயத்தில் கருத்தே சொல்லாமல் இருப்பதும் ஒரு நிலைப்பாடுதான், நம் நாட்டுக் கட்சிகள் பலவற்றுக்கு அதுதான் முதல் தேர்வு.

உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் இந்தியாவில் 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும், கொரோனா ஊரடங்குக்குச் சற்று முன்பு வரை, கிட்டத்தட்ட 30,000 பேரிடம் நேரில் போய்க் கேட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. தங்கள் சமூகத்துப் பெண்கள் வேறு சாதியில் கல்யாணம் செய்வதைத் தடுப்பது மிக முக்கியம் என்றவர்கள் 64 சதவீதம், ஆண்கள் செய்வதைத் தடுப்பது மிக முக்கியம் என்றவர்கள் 62 சதவீதம். மதம் விட்டு மதம் என்று வரும்போது, பெண்களைத் தடுக்க வேண்டும் என்றவர்கள் இந்துக்களில் 67, முஸ்லிம்களில் 80. இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். 2019-இல் பா.ஜ.க. வாங்கியது 37 சதவீத ஓட்டு. 64 சதவீதம் பேரின் கருத்தை 37 சதவீதத்துக்குள் அடைக்க முடியாது. மீதிப் பேர் காங்கிரஸ், சமாஜ்வாதி, திரிணமூல், திராவிடக் கட்சிகள், கம்யூனிஸ்டுகள் என்று எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். உங்கள் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே குரலில் பேசியதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

தெற்கில் அந்த எண்ணிக்கை வடக்கைவிடக் கணிசமாகக் குறைவுதான், அதை நாம் மார்தட்டிச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ரொம்பத் தட்ட வேண்டாம். உடுமலைப்பேட்டையில் 2016-இல் பட்டப்பகலில் நடந்த ஆணவக் கொலையும் நெல்லையில் 2025-இல் நடந்த ஆணவக் கொலையும் தமிழ்நாட்டில்தான். ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று பல வருஷமாகக் குரல் இருந்தும் இரண்டு திராவிடக் கட்சியும் மாறி மாறி ஆண்டும், அதற்குப் பரிந்துரை சொல்ல ஒரு ஆணையம் என்ற அறிவிப்பே 2025 அக்டோபரில்தான் வந்தது. மேடைப் பேச்சைப் பார்த்தால் சாதி ஒழிப்பு ஒரு பக்கத்துச் சொத்து. வேட்பாளர் பட்டியல் போடும்போது இந்தத் தொகுதியில் எந்தச் சாதி அதிகம் என்று பார்க்காத கட்சி எது என்று சொல்லுங்கள்.

சிறப்புத் திருமணச் சட்டம் இதற்கு இன்னொரு சாட்சி. சாதி மதம் பார்க்காமல் கல்யாணம் பதிய விரும்புகிறவர்கள் 30 நாள் முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் வந்து ஆட்சேபம் சொல்லலாம். டெல்லியில் எஸ்.டி.எம். (கோட்டாட்சியர் மாதிரி) அலுவலகத்துக்குப் போனால் அறிவிப்புப் பலகையில் பையன் பெயர், பெண் பெயர், இரண்டு பேர் முகவரி, புகைப்படத்தோடு ஒட்டியிருப்பார்கள். வீட்டுக்குத் தெரியாமல் போனவர்களுக்கு அந்த 30 நாள் எப்படிப் போகும் என்று நினைத்துப் பாருங்கள். இந்த விதி 1954-இல், நேரு காலத்தில் வந்தது. அதன் பிறகு காங்கிரஸ், ஜனதா, தேசிய முன்னணி, ஐக்கிய முன்னணி, பா.ஜ.க. என்று எல்லாரும் ஆண்டுவிட்டார்கள், ஒருவரும் அதைத் தொடவில்லை. 2020 நவம்பரில் உத்தரப் பிரதேச அரசு மதமாற்றத் தடை அவசரச் சட்டம் கொண்டு வந்தபோது எதிர்க்கட்சிகள் கத்தின, சரி. ஆனால் அந்தச் சட்டம் விழுந்த நிலம் ஏற்கெனவே உழுதுவைத்த நிலம். பா.ஜ.க. இல்லாத கருத்தை உருவாக்கவில்லை, எல்லா வீட்டிலும் இருந்த கருத்தை எடுத்து ஓட்டாக்கியது, மற்றவர்கள் அதே கருத்தை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள்.

சரி, அப்படியானால் எதுவுமே மாறவில்லையா? நிறைய மாறியிருக்கிறது. ஆனால் வாயால் சொல்கிற கருத்தில் தேடினால் தாமதமாகத்தான் தெரியும்.

டெல்லி திரிலோக்புரியில் நம் தமிழ் ஆட்கள் இருக்கும் சந்தில் ஒரு வீடு. விழுப்புரம் பக்கத்து அம்மா, நொய்டாவில் இரண்டு மூன்று ஃபிளாட்டில் வீட்டு வேலை. கதவைத் திறந்ததும் வழக்கம்போல வீட்டுக்காரர் முன்னால் வந்து, "என்னைக் கேளுங்க சார், நான் சொல்றேன்" என்றார். பட்டியலில் விழுந்திருப்பது உங்கள் சம்சாரத்தின் பெயர், அவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்று விளக்கி, அவரை வாசலுக்கு அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வாசலுக்குப் போனவர் கதவோரத்திலேயே நின்றார். மனைவி எப்போதும் கணவன் சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறீர்களா? "ஆமா, கேக்கணும்ல. அதுதானே குடும்பம்." முழுமையாகவா, ஓரளவா? "முழுசாத்தான்." டிக் போட்டாயிற்று. பிறகு வேறு பகுதிக் கேள்விகள். வீட்டு வாடகை யார் தருவது, அந்த அம்மாதான். வங்கிக் கணக்கு யார் பெயரில், அந்த அம்மா பெயரில். மகள் என்ன படிக்கிறாள், நர்சிங். அதை யார் முடிவு செய்தது? குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டு, "அவரு வேணாம்னாரு. நான் நகையை வச்சுச் சேத்துட்டேன்."

அந்த அம்மா புள்ளிவிவரத்தில் எங்கே போவார்? மேலே சொன்ன அதே பியூ ஆய்வில், மனைவி எப்போதும் கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதை முழுமையாகவோ பெரும்பாலுமோ ஏற்பவர்கள் 87 சதவீதம் என்று வந்தது. அந்த எண் பொய்யில்லை, கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அந்த 87-க்குள் நகையை வைத்து மகளைச் சேர்த்தவர்களும் இருக்கிறார்கள். நடத்தை முன்னால் போய்விடுகிறது, பேச்சு பின்னால் வருகிறது, கட்சி அதற்கும் பின்னால் வருகிறது. அந்த வரிசை புரிந்தால் மீதி எல்லாம் புரியும்.

சில விஷயங்களில் எந்தக் கட்சியும் பின்னால்கூட வராது. கணவன் மனைவியை அடிப்பது குறிப்பிட்ட சில காரணங்களுக்காகவாவது நியாயம் என்று சொன்ன பெண்கள், தேசிய குடும்ப நல ஆய்வின் நான்காம் சுற்றில் 52 சதவீதம், 2019-21 சுற்றில் 45. ஆண்களிடம் அதே கேள்விக்கு 42-லிருந்து 44. பெண்கள் இறங்க, ஆண்கள் ஏறுகிறார்கள். இதைப் பற்றி ஒரு தேர்தல் அறிக்கையாவது ஒரு பத்தி எழுதியதா? நான் பார்த்ததில்லை.

கட்சிகள் மொத்தமாகத் தாவுவதற்கு நல்ல உதாரணம் மக்களவை, சட்டமன்ற இடங்களில் மகளிர் இடஒதுக்கீடு. 1996 செப்டம்பர் 12-ஆம் தேதி தேவ கௌடா ஆட்சியில் மசோதா வந்தது. ஆதரிக்காத பெரிய கட்சியே கிடையாது, அதாவது காகிதத்தில். கீதா முகர்ஜி தலைமையில் கூட்டுக்குழு பார்த்தது. 1998-இல் அவையிலேயே மசோதாவைப் பிடுங்கிக் கிழித்தார் ஒரு ராஷ்ட்ரிய ஜனதா தள உறுப்பினர். லாலு, முலாயம், சரத் யாதவ் மூவரும் பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கு உள்ஒதுக்கீடு இல்லாமல் முடியாது என்று வெளிப்படையாக எதிர்த்தார்கள். அவர்களை எல்லாரும் திட்டினார்கள். ஆனால் உண்மையில் அவர்கள் காங்கிரஸ், பா.ஜ.க. உறுப்பினர்கள் பலருக்குச் செய்தது பெரிய உபகாரம்: தன் தொகுதி போய்விடுமே என்று உள்ளுக்குள் பதறியவர்கள் வாயைத் திறக்காமலேயே மசோதா நின்றுவிட்டது. 2010 மார்ச் 9-ஆம் தேதி மாநிலங்களவையில் 186-க்கு 1 என்று நிறைவேறியும் மக்களவைக்கு வரவே இல்லை.

அப்புறம் 2023 செப்டம்பர் 20, புது நாடாளுமன்றக் கட்டடம், 454-க்கு 2. எதிர்த்த இரண்டு பேரும் ஒவைசியின் கட்சி. மறுநாள் மாநிலங்களவையில் 214-க்கு 0. இருபத்தேழு வருஷம் கிழித்தவர்களும் தள்ளிப்போட்டவர்களும் கையைத் தூக்கிவிட்டார்கள். நடுவில் என்ன நடந்தது? மனசாட்சி விழித்தது என்று நினைக்காதீர்கள். 1962-இல் ஓட்டுப் போட்ட ஆண்கள் 63 சதவீதம், பெண்கள் 47-க்கும் கீழே. 2019-இல் பெண்கள் 67.18, ஆண்கள் 67.01. ஒரு தலைமுறைக்கு முன்பு வீட்டுக்காரர் சொன்ன சின்னத்தில் குத்தியவர்கள் இப்போது தனி ஓட்டு வங்கி. அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தத்துக்குப் பிறகு ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் வந்தார்கள், 2006-இல் பீகார் அதைப் பாதியாக்கியது, பிறகு பல மாநிலங்கள். முதலில் புருஷன்தான் நாற்காலியில் உட்கார்ந்தான், உண்மைதான். ஆனால் ஊரில் ஒரு பெண் தலைவர் என்பது கண்ணுக்குப் பழகிவிட்டது. பெண்களும் ஆண்களும் ஒரே அளவு நல்ல தலைவர்களாக இருப்பார்கள் என்று பியூ ஆய்வில் பாதிக்கு மேல், 55 சதவீதம் பேர் சொல்கிறார்கள், மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்று சொன்ன அதே ஜனங்கள்தான்.

ஆனால் இந்த ஒருமித்த ஆதரவை எப்படி வாசிக்க வேண்டும் என்பதற்கு ஒரு தகவல் போதும். சட்டம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதன் பிறகான தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் அமலுக்கு வரும் என்று எழுதிவிட்டார்கள். 454 பேர் கையைத் தூக்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 2024 தேர்தலில் வென்ற பெண்கள் 74 பேர், 2019-இல் வென்ற 78-ஐவிடக் குறைவு. எந்தக் கட்சியையும் யாரும் சீட்டுக் கொடுக்காதே என்று தடுக்கவில்லை. எனவே நாடாளுமன்றத்தில் ஏகமனதாக ஒன்று நிறைவேறினால் எதிர்ப்பு செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எதிர்ப்பு நிபந்தனைகளுக்குள் ஒளிந்திருக்கும், தேதி எப்போது என்று பாருங்கள்.

பெண்களுக்கான இலவசப் பேருந்தும் இதே பாதைதான், வேகம் மட்டும் அதிகம். 2019 அக்டோபரில் டெல்லியில் ரோஸ் கலர் டிக்கெட் வந்தபோது ஓட்டுக்கு லஞ்சம் என்றார்கள். 2021-இல் தமிழ்நாடு, 2023-இல் கர்நாடகா. 2022 ஜூலையில் பிரதமர் இலவசக் கலாச்சாரத்தைக் கண்டித்துப் பேசினார். 2023-இல் அவர் கட்சியே மத்தியப் பிரதேசத்தில் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது, 2024-இல் மகாராஷ்டிராவில் 1500, 2025 டெல்லித் தேர்தலில் 2500 என்று வாக்குறுதி. பெண் கையில் நேராகப் பணம் போவது குடும்பத்தைக் கெடுக்கும் என்று பேசியவர்கள் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை.

சாதி விஷயத்தில் தாவல் இன்னும் வேடிக்கை, நடந்த இடமும் இதே டெல்லி. 1990 ஆகஸ்ட் 7-ஆம் தேதி பிரதமர் வி.பி. சிங் மண்டல் ஆணையத்தின் பரிந்துரைப்படி மத்திய அரசு வேலையில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம் என்று அறிவித்தார். அந்த இரண்டு மூன்று மாதம் டெல்லிப் பல்கலைக்கழகப் பக்கம் பேருந்து ஓடவில்லை, தீக்குளிப்பு வரை போனது. ராஜீவ் காந்தி அவையில் மணிக்கணக்கில் எதிர்த்துப் பேசினார். பா.ஜ.க. வெளிப்படையாக எதிர்க்கவும் முடியாமல் ஆதரிக்கவும் முடியாமல் நெளிந்தது. கரோல் பாக்கிலும் ஆர்.கே. புரத்திலும் இருந்த நம் அரசு ஊழியர் குடும்பங்களுக்கு அது விசித்திரமான காலம்: தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு 69 சதவீதம், அங்கே அது அன்றாடச் செய்தி; இங்கே அக்கம்பக்கத்தில் அதே விஷயத்துக்காக ஊரே எரிகிறது. சொந்த ஊரில் இதனால் காலேஜ் சீட் வாங்கியவரும் அதனாலேயே ஊரை விட்டு டெல்லிக்கு வந்தேன் என்பவரும் ஒரே குவார்ட்டர்ஸில் பக்கத்துப் பக்கத்து வீடு. ஊரில் இரண்டு பேருமே ஒரே கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்களாகக்கூட இருக்கலாம்.

2006-இல் மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கு அதே 27 சதவீதம் வந்தபோது எய்ம்ஸ் வாசலில் மருத்துவர்கள் போராடினார்கள், தொலைக்காட்சி முழுக்க அதுதான். ஆனால் நாடாளுமன்றத்துக்குள் எதிர்க்க ஆள் இல்லை. பதினாறு வருஷத்தில் தெருவும் அவையும் பிரிந்துவிட்டன: தெருவில் சத்தம் போடுகிறவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்று எல்லாக் கட்சிக்கும் கணக்குத் தெரிந்துவிட்டது. 2019 ஜனவரியில் பொருளாதாரத்தில் பின்தங்கிய முற்பட்ட சாதியினருக்கு 10 சதவீதம் என்றபோதும் அப்படித்தான், மக்களவையில் 323-க்கு 3. மாநிலங்களவையில் தி.மு.க. எதிர்த்தது, கொள்கைப்படி அது சரியான எதிர்ப்பு என்பது என் கருத்து, வருமானத்தை மட்டும் வைத்து ஒதுக்கீடு என்பது ஒதுக்கீட்டின் அடிப்படையையே மாற்றுகிறது. ஆனால் பேச்சு அதோடு நின்றது. டெல்லியில் நான் பேசிய தமிழ்க் குடும்பங்களில் இந்த 10 சதவீதம் பற்றிய கருத்தை முடிவு செய்தது கட்சி இல்லை, பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைக்குமா கிடைக்காதா என்பதுதான்.

சாதிவாரிக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 1931-க்குப் பிறகு முழுதாக எடுக்கவில்லை, நிறுத்தியது சுதந்திர இந்தியாவின் முதல் அரசு, காங்கிரஸ். 2011-இல் எடுத்ததன் சாதி விவரத்தை வெளியிடவில்லை. 2021 ஜூலையில் மோதி அரசு மக்களவையில், பட்டியல் சாதி, பழங்குடி தவிர வேறு சாதிகளைக் கணக்கெடுப்பதில்லை என்பது கொள்கை முடிவு என்று பதில் சொன்னது. 2023 அக்டோபர் 2-ஆம் தேதி பீகார் கணக்கு வெளியானது, பிற்படுத்தப்பட்டோரும் மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சேர்ந்து 63 சதவீதம். ராகுல் காந்தி ஊர் ஊராக அதையே பேசினார். அவர் கட்சியின் ஆனந்த் சர்மா 2024 மார்ச்சில், இது இந்திராவின் வழியும் இல்லை ராஜீவின் வழியும் இல்லை என்று தலைவருக்குக் கடிதம் எழுதினார். வரலாற்றுப்படி அவர் சொன்னது சரி, யார் கேட்டார்கள்? 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி மத்திய அமைச்சரவையின் அரசியல் விவகாரக் குழு சாதிவாரிக் கணக்கெடுப்புக்கு ஒப்புதல் கொடுத்தது. நாலே வருஷத்தில் 'கூடாது' என்பது 'எங்கள் சாதனை' ஆனது. இதற்கிடையே கர்நாடகாவில் அதே காங்கிரஸ் ஆட்சியில் அன்றைய முதல்வர் சித்தராமையா மாநிலச் சாதிக் கணக்கெடுப்பு அறிக்கையை வெளியிடலாம் என்றார், அன்றைய துணை முதல்வர் சிவகுமார் வெளியிட வேண்டாம் என்ற ஒக்கலிகர் சாதியினரின் மனுவில் 2023-இல் கையெழுத்துப் போட்டார், லிங்காயத்துச் சமூகத் தலைவர்கள் காங்கிரஸிலும் பா.ஜ.க.விலும் ஒரே மாதிரி எதிர்த்தார்கள். உண்மையான பிரிவுக் கோடு எங்கே ஓடுகிறது என்பதற்கு இதைவிடப் பச்சையான சாட்சி கிடைக்காது.

ஜனங்கள் கட்சியைப் பின்னுக்கு இழுத்த கதையும் உண்டு, சபரிமலை. 2018 செப்டம்பர் 28-ஆம் தேதி எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று தீர்ப்பு வந்ததும் காங்கிரஸ் மேலிடம் வரவேற்றது, ஆர்.எஸ்.எஸ்.ஸின் மூத்தவர்களும் அதற்கு முன்பு பெண்கள் நுழைவுக்குச் சாதகமாகவே பேசியிருந்தார்கள். கேரளத் தெருக்களில் பெண்களே சரணம் சொல்லிக்கொண்டு இறங்கியதும் இரண்டு பேரும் திரும்பிக்கொண்டார்கள். ராகுல் காந்தி, என் சொந்தக் கருத்து வேறு, கேரளக் கட்சியின் கருத்து வேறு என்றார். இடதுசாரிகள் மட்டும் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு 2019 ஜனவரி 1-ஆம் தேதி 'பெண்கள் மதில்' என்ற மனிதச் சங்கிலி நடத்தினார்கள். மே மாதம் 20-இல் 19 தொகுதி காங்கிரஸ் அணிக்குப் போனது. பிறகு இடதுசாரிகளும் சுருதியைக் குறைத்துவிட்டார்கள்.

ஒரே பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவில் மாற்றத்தை வேறு விதமாகத்தான் அளக்க முடியும்: தலைவர்கள் எதைப் பேசுவதை நிறுத்தினார்கள் என்று பார்த்து. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை மீட்டபோது பா.ஜ.க. தலைவராக இருந்த ராஜ்நாத் சிங், இயற்கைக்கு மாறானதை ஆதரிக்க முடியாது என்று தயங்காமல் சொன்னார். 2015-இல் சசி தரூர் தனிநபர் மசோதாவை அறிமுகப்படுத்தவே விடாமல் 71-க்கு 24 என்று தோற்கடித்தார்கள். ஓட்டெடுப்பு நேரத்தில் அவையில் இருந்தவர்களே நூறுக்கும் குறைவு, மீதிப் பேர் எங்கே? அதே வருஷம் ஏப்ரலில் திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதாவை மாநிலங்களவை எதிர்ப்பின்றி நிறைவேற்றியது, திருநர் என்றால் நம் புராணத்தில் இடம் இருக்கிறது, ஒரே பாலின உறவுக்கு இல்லை என்று நினைத்தார்களோ என்னவோ. 2018-இல் அரசு முடிவை நீதிமன்றத்திடமே விட்டது. 2023 ஜனவரியில் ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத்தே புராணத்திலிருந்து ஜராசந்தனின் தளபதிகளை எடுத்துக்காட்டி இவர்கள் என்றும் நம்மோடு இருந்தவர்கள் என்றார். ஆனால் ஒரே பாலினத் திருமணம் என்றதும் எல்லாரும் மௌனம். பியூ 2023-இல் கேட்டபோது 53 சதவீத இந்தியர்கள் ஆதரவு என்றார்கள். அந்த எண்ணை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன், பக்கத்து வீட்டுக்காரருக்கு ஓகே என்று சொல்வது சுலபம். 2024 தேர்தல் அறிக்கையில் காங்கிரஸ் விரிவான கலந்தாலோசனைக்குப் பிறகு கூட்டு வாழ்வுக்கு ஒரு சட்டம் என்று ஒரு வரி எழுதியது, பிரச்சாரத்தில் எந்தத் தலைவரும் அதை மேடையில் படித்ததாக நினைவில்லை.

கடைசியாக, கருத்துக்கணிப்பு வந்தால் எதைப் பார்ப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். கட்சிவாரி அட்டவணையைத் தாண்டிப் போய் கேள்வித்தாளைப் பாருங்கள். 'நீங்கள் ஆதரிக்கிறீர்களா' என்ற கேள்விக்கு ஆள் முன்னால் நல்ல பெயர் வாங்கும் பதில் வரும். 'உங்கள் வீட்டில்' என்று ஆரம்பிக்கும் கேள்விக்கு வரும் பதிலுக்கு எடை அதிகம். 2011-12 மனித வளர்ச்சி ஆய்வில், உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை பார்ப்பதுண்டா என்று கேட்டார்கள், 27 சதவீத வீடுகளில் ஏதோ ஒரு வடிவில் அது இருப்பதாக அவர்களின் பதில்களிலிருந்தே தெரிந்தது. சாதி விட்டு நடந்த கல்யாணம் அதே ஆய்வில் 5 சதவீதம் போல. ஒப்பிட வேண்டுமானால் அந்த மாதிரிக் கேள்விகளை இரண்டு சுற்றுக்கு நடுவே ஒப்பிடுங்கள், கூடவே பதில் சொன்னது யார், பக்கத்தில் யார் நின்றார்கள் என்று ஆய்வு சொல்கிறதா பாருங்கள். அப்புறம் 2027 கணக்கெடுப்பின் சாதி எண்கள் வந்ததும், மகளிர் இடஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கு உள்ஒதுக்கீடு என்ற பழைய கோரிக்கை திரும்ப வரும். 2010-இல் அதைச் செய்யாமல் விட்டதற்கு வருத்தம் என்று ராகுல் காந்தி 2023-இலேயே சொல்லிவிட்டார், பா.ஜ.க. எப்போது சொல்லும் என்பதுதான் மிச்சம்.